ஐந்தாவது சொம்பு

டிசம்பர் 20, புதன்

செஞ்சி வந்து சேர்ந்தேன். பத்து நாளைக்குத்தான். பத்து நாளைக்கு எதற்கு எட்டுப் புடவை என்று என் வீட்டுக்காரர் அந்துவான் கேட்டார். மார்கழியில் துணி சீக்கிரம் காயாது என்றேன். மனுஷர் அதற்குமேல் கேட்கவில்லை. புதுச்சேரியிலிருந்து கூடவே பஸ்ஸில் வந்து, அண்ணன் வீட்டுத் தெருமுனை வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, அங்கேயே திரும்பிவிட்டார். "ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்களேன்" என்றேன். "ஸ்டாண்டுல குடிச்சிக்கிறேன்" என்றார்.

அண்ணன் தணிகாசலத்துக்கு அறுபத்தோரு வயது. பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை கொஞ்சம் பலவீனம், நடை பரவாயில்லை, பேச்சு மட்டும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வருகிறது. "அதான்."

முப்பத்திரண்டு வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தவள் நான். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நம்பர் சரி, லைன் கிடைக்கவில்லை.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். பால்காரர் வருகிற நேரம் போல.

டிசம்பர் 21, வியாழன்

காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பூங்காவனம் அண்ணிக்கு முதுகுவலி. ஒரு மாதமாக ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, வீடு என்று அலைந்து பாதியாகிவிட்டாள். சமையல் இனி என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்குக் காரக்குழம்பு சரியாக வராது என்பது நினைவுக்கு வந்தது.

அண்ணனிடம் கேட்டேன். "காபி வேணுமாண்ணா?" "அதான்." "சக்கர போடவா?" "அதான்." "உப்பு போடவா?" முறைத்துவிட்டு, "அதான்!" என்றார். அந்த அதானுக்கு அர்த்தம் வேறு.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு என்னோடு பேசியிருக்கிறார். ஒரே சொல்தான், இருந்தாலும் கணக்குத்தானே.

டிசம்பர் 22, வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் ஷிரின் என்ற பெண் வருகிறாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். இருபத்தாறு வயது இருக்கும். பிறந்து வளர்ந்தது சென்னை, இப்போது விழுப்புரத்தில் வேலை. ஸ்கூட்டியில் வந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குகிறாள்.

படம் காட்டி "இது என்ன அங்கிள்?" என்கிறாள். "அதான்." மாடு அதான், குடை அதான், வாழைப்பழமும் அதான். பிறகு ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னாள். அண்ணன் முகத்தைச் சுளித்து, கண்ணை மூடி, ஏதோ ஒரு சொல்லை முக்கி வெளியே தள்ளினார். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்ததால் உள்ளே ஓடிவிட்டேன். ஷிரின் "இல்ல அங்கிள், திரும்பச் சொல்லுங்க" என்று சொல்வது மட்டும் கேட்டது.

டிசம்பர் 24, ஞாயிறு

இன்று வீட்டில் ஒரு சின்னப் பிரளயம்.

அண்ணன் மகள் மோகனாவுக்கு நிச்சயதார்த்தம் பிப்ரவரி பதினொன்று. அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போவதற்கு முன்பே குறித்த நாள். தள்ளிப்போடலாமா என்று கேட்டதற்கு போளூர் மாப்பிள்ளை வீட்டார் "உங்க இஷ்டம், எங்களுக்கு எப்ப வெச்சாலும் சம்மதம்" என்றார்கள். நல்ல மனிதர்கள். அண்ணன்தான் தலையை ஆட்டி, அதே நாளில் நடக்கட்டும் என்று காட்டிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர் எழுந்து, சபை கேட்க, "எங்க பொண்ண உங்க வூட்டுக்குக் குடுத்தோம்" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா "எடுத்தோம்" என்று மூன்று தரம் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தட்டு கை மாறும். அப்பா இல்லாத பெண்ணுக்குத்தான் மாமன் சொல்வது வழக்கம்.

அண்ணியின் தம்பி ஏகாம்பரம் மத்தியானம் வந்தார். மைக்கைக் கண்டால் பிள்ளையைக் கண்ட தாய்போல் அள்ளிக்கொள்கிறவர். கறிக்குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, "அக்கா, நீ எதுக்கும் கவலப்படாத. அந்த மூணு வார்த்தய மாமாவுக்குப் பதிலா நான் சொல்லிட்றேன்" என்றார்.

அண்ணன் இடது கையால் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டார். அது உருண்டு போய் ஏகாம்பரத்தின் வேட்டியை நனைத்தது. "அதான்! அதான்! அதான்!" என்று கத்தினார். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அண்ணி அழுதுகொண்டே, "சரிங்க, நீங்களே சொல்லுங்க, யாரும் சொல்லல, நீங்களே சொல்லுங்க" என்று அவர் முதுகைத் தடவினாள்.

ஏழு வாரம் இருக்கிறது. கையில் இருப்பது 'அதான்' ஒன்று.

டிசம்பர் 25, திங்கள்

அந்துவான் ஃபோன் செய்தார். கேக்கில் பாதியை எனக்காக எடுத்து வைத்திருக்கிறாராம். நான் நம்பவில்லை.

டிசம்பர் 26, செவ்வாய்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

ஷிரின் வந்து எண்களை மறுபடி தொடங்கினாள். இந்த முறை நான் பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அண்ணன் கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, "லா...பம்" என்றார். "இல்ல அங்கிள், ஒண்ணு." "லாபம்." "ஒ...ண்...ணு." "லாபம்!" ஷிரின் பெருமூச்சு விட்டு நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுக்கப் பெருக்கல் குறி.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கீரைத்தட்டு கவிழ்ந்துவிட்டது.

"அம்மாடி, அவரு சரியாத்தான் சொல்றாரு. எங்க வூட்ல ஒண்ணுன்னு சொல்லவே மாட்டாங்க. நெல்லு அளக்கும்போது மொத மரக்கால 'லாபம்'னுதான் சொல்லணும். லாபம், ரெண்டு, மூணு. எங்க தாத்தா எத எண்ணுனாலும் அப்படித்தான். அண்ணன் கடையில காயில் சுத்தும்போதும் அப்படித்தான்."

ஷிரின் வாயைப் பிளந்தாள். "மூணு வாரமா அங்கிள் கரெக்டா சொல்லிட்டு இருக்காரா?" உடனே நோட்டை எடுத்து அத்தனை பெருக்கல் குறியையும் அடித்துவிட்டு, "ஸாரி அங்கிள்" என்று காதைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அதே உற்சாகத்தில் அவர் மேலே போனார். "லாபம்... ரெண்டு... மூணு... நாலு..." அதில் ஒரு ராகம் இருந்தது. அது எங்கள் தாத்தாவின் ராகம்.

"இது என்ன ட்யூன் ஆன்ட்டி?" என்றாள் ஷிரின்.

தாத்தாவின் பெயர் சின்னப்பையன். எண்பத்து மூன்று வயதில் சாகும்போதும் சின்னப்பையன்தான். இளமையில் ஏற்றம் இறைத்தவர். கிணற்று மேட்டில் பெரிய மரத்தைக் குறுக்கே ஏற்றி, அதன்மேல் முன்னும் பின்னும் நடந்து, சாலில் தண்ணீர் மொண்டு வயலுக்குப் பாய்ச்சுகிற வேலை. எத்தனை சால் ஆயிற்று என்று பாட்டிலேயே எண்ணிக்கொள்வார்கள். மோட்டார் வந்தபோது தாத்தா வருத்தப்பட்டார் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தாராம். ஆனால் பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டதே, அதை என்ன செய்வது? எங்களைக் குளிப்பாட்ட எடுத்துக்கொண்டார். என்னையும் அண்ணனையும் பம்புசெட் தொட்டியில் நிற்க வைத்து, ஒரு வரிக்கு ஒரு சொம்பு தலையில் ஊற்றுவார். அழுக்கு அதிகமானால் பாட்டு இரண்டு தரம்.

இதையெல்லாம் சொன்னேன். ஷிரின் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் போட்டுக்கொண்டாள். "பேசறது மூளைல ஒரு பக்கம், பாடறதுக்கு இன்னொரு பக்கமும் உதவி பண்ணும் ஆன்ட்டி. அங்கிளுக்குப் பாட்டு உள்ள இருக்கு. அதுல ஏறித்தான் பேச்சு வெளிய வரணும். எனக்கு அந்தப் பாட்டு முழுசா வேணும்."

"ஐம்பது வருஷம் ஆச்சேம்மா" என்றேன்.

டிசம்பர் 29, வெள்ளி

மூன்று நாளாகக் குளிக்கும்போதெல்லாம் சொம்பு சொம்பாக ஊற்றி யோசிக்கிறேன். அண்ணி தண்ணீர்த் தொட்டி காலியாகிவிட்டது என்று புலம்புகிறாள். ஆனால் வரிகள் வந்துவிட்டன. ஷிரினிடம் எழுதிக் கொடுத்தேன்.

லாபமாம் லாபம் தண்ணி லாபம்
ரெண்டுக்கு வந்துது நாரக் கூட்டம்
மூணுக்கு முழிச்சுது முருங்க மரம்
நாலுக்கு நனைஞ்சுது நண்டுப் பொந்து
ஆறுக்கு ஆறுச்சு அவ கோவம்
ஏழுக்கு எழுந்தான் சோம்பேறி
எட்டுக்கு எட்டுது வாழக் கொல்ல
ஒம்பதுக்கு ஓடுது வாய்க்கா மேல
பத்துக்குப் பத்துது பசி வயிறு

ஏழாவது வரியில் வருகிற சோம்பேறி அண்ணன்தான். அதைப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

ஐந்தாவது வரி ஞாபகம் வரவில்லை. அது ஒன்றும் முக்கியமான வரி இல்லை.

டிசம்பர் 31, ஞாயிறு

இன்னொரு பாட்டும் நினைவுக்கு வந்தது. எண்ணெய் தேய்க்கும்போது தாத்தா பாடுவது.

தவளைக்குக் கல்யாணம் தாம்பாளம் ஏது
நண்டுக்குப் பட்டெடுக்க நாலு முழம் போதாது

அத்தனை காலுக்கும் சுற்ற வேண்டுமே! சமையலறையில் சத்தமாகப் பாடினேன். முன்னறையில் அண்ணன் தொடையில் தாளம் போட்டார். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

ஜனவரி 2, செவ்வாய்

பாட்டு நடுவில் ஓட்டையோடு இருந்தால் எப்படி என்று ஷிரின் கேட்டாள். நானே ஒரு வரி கட்டிக் கொடுத்தேன். 'அஞ்சுக்கு மலர்ந்துது அல்லிப் பூவு'. நன்றாகத்தான் இருக்கிறது.

ஷிரின் அண்ணனின் இடது கையைப் பிடித்து மேசையில் தட்டவைத்தபடி பாடினாள். லாபம், ரெண்டு, மூணு, நாலு வரை அண்ணன் அட்சரம் பிசகாமல் கூடவே வந்தார். ஐந்தில் நின்றுவிட்டார். மறுபடி. ஐந்தில் நின்றார். ஒன்பது தரம் பாடினோம். ஒன்பது தரமும் ஐந்தில் நின்றார்.

ஜனவரி 5, வெள்ளி

இன்றும் ஐந்தில் நின்றார். இன்று புதிதாக ஒன்று செய்தார். என்னைப் பார்த்து, ஆள்காட்டி விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். ஒரு தரம் அல்ல, நாலைந்து தரம்.

"எதுக்கு ஆன்ட்டி மூக்கத் தொடறாரு?" என்றாள் ஷிரின்.

"மார்கழிப் பனி. சளி பிடிச்சிருக்கும்" என்றேன். ஓமம் போட்டு ஆவி பிடிக்கச் செய்தேன். ஆவிக்குள்ளிருந்தும் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 6, சனி

என் பத்து நாள் எப்போதோ முடிந்துவிட்டது. யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நானும்தான்.

ஜனவரி 9, செவ்வாய்

மோசமான நாள். ஐந்தில் நின்ற அண்ணன் மேசையை உதைத்துவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மாத்திரைக்குக்கூட எழவில்லை. ஷிரின் வாசலில் என்னிடம், "அங்கிள் இப்படியே விட்டுட்டா அப்புறம் கஷ்டம் ஆன்ட்டி. அவரு மனசுல இருக்கறது வேற வரி. நாம தப்பு வரியக் குடுக்குறோம். அதான் ஏற மாட்டேங்குது" என்றாள்.

சாயங்காலம் ஏகாம்பரம் வந்தார். நடுக்கூடத்தில் நின்று, யாரும் கேட்காமலே, "எங்க பொண்ண உங்க வூட்டுக்குக் குடுத்தோம்" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. ஆனால் அண்ணன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

ஜனவரி 10, புதன்

இந்த நோட்டிலும் பொய் எழுதினால் நான் எங்கேதான் உண்மையை எழுதுவது?

ஐந்தாவது வரி எனக்கு மறக்கவே இல்லை.

'அஞ்சுக்கு அழுவுறா மூக்கொழுவி.'

மூக்கொழுவி நான்தான். ஐந்தாவது சொம்பு தலையில் விழும்போது வீறிட்டு அழுவேன், மூக்கு ஒழுகும். தாத்தா ஒரு நாள் பாடியதை அண்ணன் பெயராகவே வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்திலும் அவருக்கு நான் மூக்கொழுவிதான். எனக்கு வேலை கிடைத்த அன்று, ஊர் முழுக்கச் சாக்லேட் கொடுத்துக்கொண்டு, "எங்க மூக்கொழுவி டெலிபோன் ஆபீசருங்க" என்றார். அவரைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட விட்டதும் இல்லை.

நாற்பத்தாறு வயதில் அந்துவானைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வந்து சொன்னேன். கூட வேலை பார்த்தவர், கிறிஸ்தவர். நல்லவர். அண்ணன், "இந்த வயசுலயா? அதுவும் வேதக்காரரா? ஊர் சிரிக்கும், குமுதவல்லி" என்றார். முழுப்பெயர். அன்றைக்கு மூக்கொழுவி போய்விட்டாள். அதன் பிறகு பதினோரு வருஷம் ஒரு சொல் இல்லை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் ஃபோன் அடிக்கும்போது, எடுத்தவுடன் அந்தப் பேர் கேட்குமா என்று காத்திருப்பேன். அண்ணிதான் பேசுவாள். அவராகக் கூப்பிடட்டும் என்று நான் இத்தனை வருஷம் வைத்திருந்த பேரை, நானே எடுத்து அவர் வாயில் ஊட்டுவதா? ரோஷமாக இருந்தது. இதுதான் உண்மை. அல்லிப் பூவு, மண்ணாங்கட்டி.

ஜனவரி 12, வெள்ளி

ஷிரின் வந்ததும், "இன்னிக்கு நான் பாடுறேன்" என்றேன். அண்ணன் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடது கையை எடுத்து என் முழங்காலில் தட்டினேன்.

லாபம் பாடினேன். ரெண்டு, மூணு, நாலு. அவர் கூட வரவில்லை.

"அஞ்சுக்கு அழுவுறா..." என்றேன். என் குரல் உடைந்துவிட்டது. நிஜமாகவே அழுதேன். மூக்கும் ஒழுகியது, எதை மறைப்பது?

அண்ணன் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். "மூக்கொழுவி" என்றார்.

பிறகு அவர் நிற்கவே இல்லை. "ஆறுக்கு ஆறுச்சு அவ கோவம், ஏழுக்கு எழுந்தான் சோம்பேறி" என்று பத்து வரை ஒரே மூச்சில் போய், திரும்ப லாபத்துக்கு வந்து, மறுபடி பத்து வரை போனார். வார்த்தைகள் கொஞ்சம் கொழகொழவென்று இருந்தன. இருக்கட்டும். ஐந்தாவது வரி வரும்போது மட்டும் விரலால் என் மூக்கைத் தொட்டார். அண்ணி மாவுக் கையோடு வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷிரின் தன் நோட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சரி குறி போட்டாள். எதற்கு எத்தனை என்றெல்லாம் பார்க்கவில்லை, போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி 16, செவ்வாய், மாட்டுப் பொங்கல்

எங்கள் வீடு நாடகக் கம்பெனியாகிவிட்டது. எதையும் பாட்டாகச் சொன்னால் அண்ணனுக்கு ஏறுகிறது, அதனால் எல்லாரும் பாடுகிறோம். 'தண்ணி வேணும் தண்ணி' லாபத்தின் ராகம். 'கண்ணாடி எங்க வெச்ச' நண்டுப் பட்டு ராகம். அண்ணி வெட்கப்பட்டுக்கொண்டே, "இட்லி ஆறுது, எழுந்து வாங்க" என்று பாடினாள். முப்பது வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. அண்ணன் ஐந்து இட்லி சாப்பிட்டார்.

மோகனா பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தாள். "அப்பா, பேசுங்கப்பா" என்றாள். "பேசச் சொல்லாத, பாடச் சொல்லு" என்றேன். "மோ...க...னா" என்று மூன்று சுரத்தில் பாடினார். அந்தப் பெண் ஃபோனைக் கீழே போட்டுவிட்டாள். ஐந்து நிமிஷம் அவள் அறையின் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 23, செவ்வாய்

ஷிரின் இன்று அந்த நிச்சயதார்த்த வார்த்தைகளைத் தொடங்கினாள். "எங்க பொண்ண உங்க வூட்டுக்குக் குடுத்தோம்." லாபத்தின் ராகத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணன் நாலாவது முயற்சியில் சொல்லிவிட்டார். ராகமாகத்தான். ராகத்தை எடுத்துவிட்டு வெறுமனே சொல்லச் சொன்னால் 'எங்க'வுக்கு மேல் நகரவில்லை.

இன்னும் மூன்று வாரம் கூட இல்லை.

ஜனவரி 30, செவ்வாய்

வெறும் பேச்சாக வரவில்லை. "பாடியே சொல்லிடுங்க அங்கிள், அழகா இருக்கும்" என்றாள் ஷிரின். அண்ணன் வேகமாகத் தலையாட்டினார். முடியாது. "சபை... சிரி... சிரி..." என்றார். சபையில் பாடினால் சிரிப்பார்கள் என்கிறார். பிறகு ஏகாம்பரத்தின் ஃபோட்டோவைக் காட்டினார். அவரே சொல்லட்டுமாம்.

அன்று சொம்பைத் தட்டிவிட்டவரா இவர்? அண்ணி எழுந்து போய்த் துணி மடித்தாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இன்று அடைக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது முடியவில்லை. மிக்ஸியை நிறுத்திவிட்டு முன்னறைக்குப் போனேன்.

"ண்ணா, ஊர் சிரிக்கும்னு பதினோரு வருஷம் முன்னாடி நீதான் எங்கிட்ட சொன்ன. ஊரு சிரிச்சுது, இல்லன்னு சொல்லல. நாலு நாள் சிரிச்சுது. அதுக்கப்புறம் அதுக்கு வேற வேல வந்துடுச்சி. நான் பாட்டுக்கு நல்லா இருக்கேன். அவரு என்ன நல்லா வெச்சிருக்காரு. அன்னிக்கு நான் உன் பேச்ச நம்பியிருந்தா இன்னிக்கு எனக்கு ஒரு மனுஷர் இருந்திருக்க மாட்டாரு. நீ இப்ப அந்த ஊருக்குப் பயந்து மோகனாவ யாரோ குடுக்க வுடப்போறியா?"

இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் நிமிர்ந்து என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து இப்படித்தான் பார்க்கிறார். இடது கையால் தொடையைத் தட்டி, ராகமாக, "அவ...ர...எங்க" என்றார்.

"யாரண்ணா?"

"அந்து...வான்."

அந்தப் பேரை அவர் வாயால் நான் கேட்டது இதுதான் முதல் தரம்.

"தெருமுனையோட திரும்பிட்டாருண்ணா. நீ கூப்பிடலன்னு."

"வர... சொல்லு" என்றார். "வர சொல்லு, வர சொல்லு" என்று பாட்டாகவே மூன்று தரம் சொன்னார்.

உடனே ஃபோன் போட்டேன். ரிசீவரை அண்ணன் காதில் வைத்தேன். அவர் அதையே பாடினார். அந்தப் பக்கம் அந்துவான் என்ன சொன்னாரோ, அண்ணன் சிரித்தார். பால்காரரைத் தேடுகிறார் என்று முதல் நாள் எழுதிய நான் சரியான மக்கு.

பிப்ரவரி 4, ஞாயிறு

அந்துவான் வந்தார். மீதிக் கேக்கோடு. கல்லாகியிருந்தது. காபியில் தோய்த்து எல்லாரும் சாப்பிட்டோம். அண்ணன் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டி அவரை உட்காரவைத்தார். இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் கிரிக்கெட் பார்த்தார்கள். எனக்கு அதுவே போதும்.

ஆனால் சபையில் பாடுவேன் என்று அண்ணன் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, சனி

வாழைமரம் வந்தது. பூ வரவில்லை. அண்ணன் சவரம் செய்துகொண்டார். நாளைக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

மண்டபத்தில் இருநூறு பேர். மோகனா மாம்பழ மஞ்சள் பட்டில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா கோதண்டம் ஆறடி உயரம், முறுக்கு மீசை, போளூரில் டிராக்டர் மெக்கானிக். அவர் சாதாரணமாகப் பேசினாலே பந்தியில் இருப்பவர்களுக்குக் கேட்கும்.

ஏகாம்பரம் மைக்கோடு தயாராக நின்றார். சீர்த்தட்டுப் பட்டியல் வாசித்து முடித்து, "இப்ப பொண்ணு வூட்டு சார்பா..." என்று தொடங்கினார். அண்ணன் எழுந்தார். அண்ணி அவர் வலது பக்கம், நான் பின்னால். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். அவர் மைக்கை அண்ணன் வாய்க்கு நேராகப் பிடித்தார். நல்ல மனுஷர், கை ஆடவே இல்லை.

"எ..." என்றார் அண்ணன். "எங்க..." நின்றுவிட்டது. மறுபடி, "எங்க..." எங்கோ ஒரு குழந்தை அழுதது, அதையும் யாரோ அடக்கினார்கள். மோகனா தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் கண்ணை மூடினார். இடது கை தொடையில் விழுந்தது. ஒரு தட்டு, இரண்டு தட்டு. பாடினார்.

"எங்க பொண்ண உங்க வூட்டுக்குக் குடுத்தோம்."

கிணற்று மேட்டுக்காரனின் ராகம், மைக்கில், இருநூறு பேர் மத்தியில். பின்வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அண்ணனுக்கும் கேட்டிருக்கும். அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது தரம் இன்னும் தெளிவாகப் பாடினார். இரண்டாவதில் நானும் அந்துவானும் ஷிரினும் கையால் தாளம் போட்டோம், பிறகு பெண்கள் பக்கம் முழுக்கத் தாளம் போட்டது. மூன்றாவது தரம் ராகம் பாதியில் கழன்றுவிட்டது. கடைசிச் சொல்லை வெறும் பேச்சாகவே சொன்னார். "குடுத்தோம்."

மண்டபம் அதிர்ந்தது. மோகனா எழுந்து வந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

இனி மாப்பிள்ளை வீட்டாரின் முறை. கோதண்டம் எழுந்தார். மீசையைத் தடவினார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி திறந்தார். உதடு துடித்தது, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவ்வளவு பெரிய மனுஷர், ஒரே ஒரு 'எடுத்தோம்' சொல்ல முடியாமல் நின்றார்.

அண்ணன் இரண்டு அடி முன்னால் போய், தன் நல்ல கையால் அவர் தோளைப் பிடித்தார்.

"சொல்லுங்க சம்பந்தி" என்றார். ராகம் இல்லை, தட்டு இல்லை. அவ்வளவு தெளிவாக.

ஷிரின் என் கையை இறுகப் பிடித்தாள். "ஆன்ட்டி, இத எப்ப சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் சொல்லிக் குடுக்கலியேம்மா" என்றேன். "நீ சொல்லிக் குடுத்தேன்னுல்ல நெனச்சேன்."